திருகோணமலையில் வீடு கட்டுகிறவர்களுக்கு: பூமியதிர்ச்சியைத் தாங்கும் கட்டடம், பொறியியலாளரிடம் கேட்க வேண்டியவை

"இலங்கையில் எங்கே பூமியதிர்ச்சி?" என்ற கேள்வியோடுதான் இந்தப் பேச்சு எப்போதும் தொடங்கும். 2018 செப்டெம்பரில் ஒரு நள்ளிரவில் திருகோணமலைப் பக்கம் நிலம் அதிர்ந்து, ஆட்கள் வீட்டை விட்டு முற்றத்துக்கு ஓடி வந்தார்கள். அளவு 4ஐக் கூடத் தொடவில்லை, பெரிய சேதமும் இல்லை. இரண்டு கிழமையில் எல்லோரும் மறந்துவிட்டார்கள். 2020இல் கண்டி, திகன பக்கம் அதிர்ந்தபோதும் இதே கதைதான்.

பயமுறுத்துவது என் நோக்கமில்லை. ஒரு வீட்டை அதிர்ச்சிக்குத் தாங்கும்படி கட்ட ஆகும் மேலதிகச் செலவில் பெரும்பகுதி கம்பியை வளைப்பதிலும் கட்டுவதிலும்தான் இருக்கிறது. அதே வேலை சூறாவளிக்கும் உதவும், கடல் உப்புக்கும் உதவும். அப்படியிருக்க அதைச் செய்யாமல் விடுவதற்குக் காரணம் எனக்குத் தெரியவில்லை. புதிதாகக் கட்டப் போகிறவர்களுக்கும், இருக்கும் வீட்டுக்கு மேல் மாடி எடுக்க நினைப்பவர்களுக்கும் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில்: ஆபத்து எவ்வளவு?

இலங்கை ஒரு கண்டத்தட்டின், அதாவது நிலத்தையும் கடலடியையும் சுமக்கும் பெரும் பாறைப் பலகை ஒன்றின், உட்பகுதியில் இருக்கிறது. கண்டத்தட்டுகள் மோதும் எல்லை, அதாவது சுமாத்திரா ஓரத்துச் சுந்தா அகழி, கிழக்கே ஆயிரம் கிலோமீற்றருக்கும் அப்பால். அதனால் யப்பானைப் போலவோ நேபாளத்தைப் போலவோ இங்கே நாளாந்தம் ஆடாது. ஆனால் தட்டின் உட்பகுதியிலும் அபூர்வமாக அதிர்ச்சி வரும். 1615இல் கொழும்பில் பெரிய அதிர்ச்சி ஒன்று வந்து வீடுகள் இடிந்ததைப் போர்த்துக்கேயர் காலக் குறிப்புகள் சொல்கின்றன.

நமக்குப் பாடமாக எடுக்க வேண்டிய இடம் மகாராஷ்டிராவின் இலாத்தூர். 1993 செப்டெம்பர் 30 அதிகாலை, 6.2 அளவில் அதிர்ந்தது. இறந்தவர்கள் கிட்டத்தட்ட பத்தாயிரம் பேர். அது தீபகற்ப இந்தியாவின் பழைய கெட்டியான பாறைத்தளம், நம்முடையதைப் போல. அப்போதைய இந்திய வரைபடத்தில் ஆபத்து மிகக் குறைந்த வலயமாகத்தான் அந்த இடம் போடப்பட்டிருந்தது. மண்சாந்தில் அடுக்கிய கனத்த கல் வீடுகள் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் விழுந்தன. 2001 ஜனவரி 26 பூஜ் அதிர்ச்சியில் இன்னொன்று தெரிந்தது: மையத்திலிருந்து 200 கிலோமீற்றருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் சரிந்தன. அவற்றில் பல, கீழ்த்தளத்தை வாகனம் நிறுத்தத் திறந்துவிட்டுத் தூண்கள் மேல் நின்றவை.

நம் நாட்டில் அதிர்வுகளைக் கவனிப்பது புவிச்சரிதவியல் ஆய்வு மற்றும் சுரங்கப் பணியகம். பல்லேகலை, ஹக்மன, மகாகனதராவ, புத்தங்கல ஆகிய இடங்களில் அதன் பதிவு நிலையங்கள் இருக்கின்றன. ஓர் அதிர்வு வந்தால் வட்ஸ்அப்பில் சுற்றும் எண்ணை விட்டுவிட்டு அவர்கள் சொல்வதைப் பாருங்கள்.

காணி: அத்திவாரத்துக்கு முன் மண்

திருகோணமலையில் ஒரு மைல் நகர்ந்தால் மண் மாறிவிடும். கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலை கெட்டியான படிகக்கல் பாறை. உவர்மலைப் பக்கத்திலும் பாறை அதிக ஆழத்தில் இல்லை. உப்புவெளி, நிலாவெளி என்று வடக்கே போனால் கடலுக்கும் களப்புக்கும் நடுவே மணல் திட்டு. மாரி முடிந்த தை மாதத்தில் அங்கே சில காணிகளில் இடுப்பளவு தோண்டினாலே தண்ணீர் ஊறும். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் மகாவலி கொட்டியாரக் குடாவுக்குக் கொண்டுவந்து சேர்த்த மணலும் வண்டலும். தம்பலகாமத்தில் வயல் களி.

அதிர்ச்சி வரும்போது பாறை மேல் இருக்கும் வீடும் தளர்ந்த மண் மேல் இருக்கும் வீடும் ஒரே மாதிரி ஆடாது. தளர்மண் அசைவைப் பெருக்கிக் கொடுக்கும். அதிலும் தண்ணீரில் ஊறிய தளர்ந்த மணல் பலமாகக் குலுக்கப்பட்டால் தன் பிடிமானத்தை இழந்து கூழாகிவிடும். மேலே இருக்கும் கட்டடம் சாயும் அல்லது புதையும். சிறு அதிர்வுக்கு இது நடக்காது. ஆனால் அதே மணலில் அத்திவாரம் சீரில்லாமல் இறங்குவது அதிர்ச்சியே இல்லாமலும் நடக்கிற காரியம். ஆகவே மண்ணைப் பார்ப்பது எப்படியும் வீண்போகாது.

தரைவீட்டுக்கு, காணியின் இரண்டு மூன்று மூலைகளில் ஆறடி ஆழக் குழி வெட்டிப் பொறியியலாளரை வரச்சொல்லிக் காட்டுங்கள். முடிந்தால் மாரி ஓய்ந்ததும் வெட்டுங்கள், நீர்மட்டம் எவ்வளவு உயர்கிறது என்பது அப்போதுதான் தெரியும். இரண்டு மாடிக்கு மேல் என்றால், அல்லது காணி நிரப்பிய நிலம் என்றால், துளையிட்டுச் செய்யும் மண் பரிசோதனையைக் கேளுங்கள். சுத்தியலை விழவிட்டு ஓர் அடி ஆழம் இறங்க எத்தனை தட்டு வேண்டும் என்று எண்ணுவார்கள். தட்டுக் குறைந்தால் மண் தளர்ந்தது.

நிரப்பிய காணியில் ஒன்றைக் கவனியுங்கள். மேலே நாலு அடி கிரவல் கொட்டி ரோலர் ஓட்டியிருப்பார்கள், பார்க்கக் கெட்டியாக இருக்கும். அத்திவாரம் அந்தக் கிரவலில் உட்காரக் கூடாது. அதைத் தாண்டி இயற்கை மண்ணுக்குப் போக வேண்டும், அல்லது முழு வீட்டுக்கும் ஒரே தட்டாக ராஃப்ட் போட வேண்டும். எது என்று தீர்மானிப்பவர் பொறியியலாளர். பாஸ், அதாவது தலைமை மேசன், சொல்லித் தீர்மானிக்கிற விஷயமில்லை.

கடலோரமாகக் காணி இருந்தால் இன்னொரு வாசலும் தட்ட வேண்டும். உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். கட்டத் தொடங்கிய பிறகு கேட்டால் அது வேறு கதை.

யாரைக் கூப்பிடுவது, எப்போது கூப்பிடுவது

நம் ஊரில் வழக்கம் இப்படி: படவரைஞர் பிளான் கீறுவார், உள்ளூராட்சிச் சபையில் கட்டட அனுமதி எடுப்பார்கள், பாஸ் வேலையைத் தொடங்குவார். கம்பி எத்தனை, என்ன கனம் என்பதெல்லாம் பாஸின் அனுபவக் கணக்கு. கட்டமைப்புப் பொறியியலாளர் வருவது, பீம் வெடித்த பிறகு.

அவரைக் கூப்பிட வேண்டிய நேரம், பிளான் இன்னும் பென்சிலில் இருக்கும்போது. தூண் எங்கே வரும், மாடிச் சுவர் கீழ்ச்சுவர் மேல் உட்காருகிறதா என்பதையெல்லாம் அந்த நேரத்தில் மாற்றுவதற்குச் செலவே இல்லை.

ஆளைத் தெரிவு செய்யும்போது "இன்ஜினியர்" என்ற பெயரோடு நிறுத்தாதீர்கள். சிவில் பொறியியலில் வீதி, நீர்ப்பாசனம் என்று பல துறை. உங்களுக்கு வேண்டியவர் கட்டமைப்பு வடிவமைப்பில் அனுபவமுள்ள பட்டயப் பொறியியலாளர். இலங்கைப் பொறியியலாளர் நிறுவனத்தின் உறுப்புரிமையையும், 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இலங்கைப் பொறியியல் பேரவையின் பதிவையும் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. அப்புறம், திருகோணமலை, மட்டக்களப்பு கரையோரத்தில் அவர் செய்த கட்டடம் ஒன்றைப் போய்ப் பாருங்கள். பத்து வருடமான கட்டடமாக இருந்தால் நல்லது, உப்புக் காற்று அதற்குள் தன் தீர்ப்பைச் சொல்லியிருக்கும்.

கட்டணத்தை எழுத்தில், கட்டம் கட்டமாகப் பேசுங்கள். அவர் தர வேண்டியவை: அத்திவாரம் முதல் கூரை வரை கட்டமைப்பு வரைபடம், ஒவ்வொரு தூணுக்கும் பீமுக்கும் கம்பியின் கனம், எண்ணிக்கை, நெட்டுக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையக் கம்பியின் இடைவெளி, மூலைகளிலும் சந்திகளிலும் கம்பி எப்படி மடங்குகிறது என்ற பெரிதாக்கிய படம். இவற்றோடு தளத்துக்கு வந்து பார்ப்பதும் சேர வேண்டும். குறைந்தது அத்திவாரக் கம்பி, ஒவ்வொரு மாடித் தூண், ஒவ்வொரு சிலாப், இவற்றுக்குக் கொங்கிறீட் போடுமுன் ஒருமுறை. வரைபடத்தை மட்டும் வாங்கிக்கொண்டு தள வருகையை வெட்டினால் மிச்சம் பிடிக்கலாம் என்று தோன்றும். என் கணிப்பில் இரண்டில் ஒன்றுதான் கட்டுப்படியாகும் என்றால் வரைபடத்தைச் சுருக்கமாக வாங்கி வருகையைக் கூட்டுங்கள்.

அவரிடம் கேட்க வேண்டிய நேர்க் கேள்வி ஒன்று: "பக்கவாட்டு விசைக்கு எதை வைத்துக் கணக்குப் பார்த்தீர்கள்?" காற்றுக்குத் திருகோணமலை நாட்டின் முதலாவது வலயம். 1978 சூறாவளிக்குப் பிறகு வந்த வழிகாட்டலில் இந்த வலயத்துச் சாதாரணக் கட்டடத்துக்குக் கணக்கில் எடுக்கும் காற்று வேகம் செக்கனுக்கு 49 மீற்றர், அதாவது மணிக்கு 175 கிலோமீற்றருக்குச் சற்று மேல். பூமியதிர்ச்சிக்கு ஐரோப்பிய விதிக்கோவையான யூரோகோட் 8 அல்லது இந்திய விதிக்கோவையான ஐ.எஸ். 1893, கம்பி விபரத்துக்கு ஐ.எஸ். 13920 என்று பதில் வந்தால் ஆள் விஷயம் தெரிந்தவர். "இங்கே அதெல்லாம் பார்க்கத் தேவையில்லை" என்றால் இன்னொருவரையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பிளானின் உருவம்

அதிர்ச்சி கட்டடத்தைப் பக்கவாட்டில் தள்ளும், கட்டடம் தன் சொந்தப் பாரத்தாலேயே தள்ளுப்படும். ஆகவே பாரம் குறைந்து, உருவம் எளிமையாக, நாலு பக்கமும் பலம் சமமாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. சதுரமோ நீள்சதுரமோ நல்லது. எல் வடிவம் வேண்டுமென்றால் இரண்டு கையும் சேரும் உள்மூலைதான் வெடிக்கும் இடம். அங்கே இடைவெளி விட்டு இரண்டு கட்டடமாகப் பிரிக்கலாமா என்று கேளுங்கள்.

பிரதான வீதிக் கடைவீடுகளின் நோய் வேறு. கீழே முன்பக்கம் முழுக்கச் சுருள்கதவு, ஒரு சுவரும் இல்லை; பின்பக்கமும் பக்கங்களும் அடைத்த சுவர்; மேலே அறை அறையாகச் சுவர் ஏற்றிய வீடு. மேல்மாடி ஒரு கட்டிப் பெட்டி, கீழே மெலிந்த கால்கள். குலுங்கும்போது அசைவெல்லாம் கீழ்த்தளத் தூண்களில் போய்ச் சேரும். முன்பக்கம் இளக்கமாக, பின்பக்கம் விறைப்பாக இருப்பதால் கட்டடம் முறுகவும் செய்யும். அகமதாபாத்தில் விழுந்தது இந்த வகைதான். கடை வேண்டாம் என்று சொல்ல முடியாது. கீழ்த்தளத் தூண்களைப் பெருப்பிக்கலாம், இரண்டு பக்கத்திலும் பின்சுவரிலும் உள்ள பலத்துக்கு ஈடாக முன்பக்கம் ஓரிரு இடத்தில் கொங்கிறீட் சுவர் வைக்கலாம். சுருள்கதவுக்கு நடுவே இரண்டு அடிச் சுவர் வந்தால் கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

சுனாமிக்குப் பிறகு கரையோரத்தில் ஒரு முரண் வந்தது. 2004 டிசம்பர் 26 அலை கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளி எல்லாவற்றையும் அடித்துப் போனபின், "வீட்டைத் தூண் மேல் உயர்த்து, தண்ணீர் கீழால் போகட்டும்" என்ற யோசனை பிரபலமானது. அலைக்கு அது சரி. அதிர்ச்சிக்கு அதுவே மெலிந்த கால். இரண்டையும் சமாளிக்க வழி உண்டு: கடலை நோக்கி ஓடும் திசையில், அதாவது அலை வரும் திசைக்கு இணையாக, கொங்கிறீட் சுவர்களை வைப்பது. தண்ணீர் அவற்றின் இருபுறமும் ஓடிப்போகும், சுவர் ஒரு திசைக்கு விறைப்பைக் கொடுக்கும். மற்றத் திசைக்குத் தூணும் பீமும் தடிப்பாக வர வேண்டும். நிலாவெளிப் பக்கம் விருந்தினர் விடுதி கட்டுகிறவர்கள் இதைக் கட்டாயம் பேச வேண்டும்.

இன்னொன்று, அரைச்சுவர். இரண்டு தூணுக்கு நடுவே இடுப்பளவு சுவர் கட்டி மேலே நீள ஜன்னல் விடுவது பள்ளிக்கூடங்களில் அதிகம். சுவர் பிடித்த உயரம் அசையாது, மேலே மிஞ்சிய குட்டைத் துண்டு முழு அசைவையும் வாங்கிக் குறுக்காக முறியும். சுவருக்கும் தூணுக்கும் இடையில் சிறு இடைவெளி விட்டு மென்மையான பொருளால் அடைத்தால் போதும்.

தரைவீடு: பட்டிகள்

எல்லோரும் மாடி கட்டுவதில்லை. புளொக் கல்லிலோ செங்கல்லிலோ சுவர் எழுப்பி ஓடோ சீற்றோ போடும் வீட்டுக்குத் தூண் சட்டகம் அவசியமில்லை. அதைக் காப்பாற்றுவது பட்டிகள், அதாவது சுவரில் படுக்கையாக ஓடும் கம்பி வைத்த மெல்லிய கொங்கிறீட் வரிகள்: அத்திவாரத்துக்கு மேல் ஒன்று, கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் லின்டல் மட்டத்தில் ஒன்று, கூரை உட்காரும் இடத்தில் ஒன்று. முக்கோணச் சுவர் இருந்தால் அதன் சரிவிலும் ஒன்று.

இங்கே லின்டல் போடுவது கதவு, ஜன்னலுக்கு மேல் மட்டும். அது போதாது. பட்டி வீட்டைச் சுற்றி, உட்சுவர்களையும் சேர்த்து, எங்கும் அறாமல் ஓட வேண்டும். மூன்று அங்குலத் தடிப்பில் இரண்டு 10 மில்லி அல்லது 12 மில்லிக் கம்பி, ஆறு அங்குலத்துக்கு ஒரு குறுக்குக் கம்பி, அவ்வளவுதான். மூலையில் கம்பி அடுத்த சுவருக்குள் மடங்கிப் போக வேண்டும். மூலையோடு வெட்டி நிறுத்தினால் பட்டி இருந்தும் இல்லாததுதான்.

ஒவ்வொரு மூலையிலும் சுவர்ச் சந்தியிலும் அத்திவாரத்திலிருந்து கூரைப் பட்டி வரை ஒரு நெட்டுக் கம்பி. துளையுள்ள புளொக் கல் என்றால் துளைக்குள்ளேயே இறக்கிக் கொங்கிறீட்டால் நிரப்பலாம். கதவு, ஜன்னலை மூலையிலிருந்து இரண்டு அடியாவது தள்ளி வையுங்கள். ஒரு சுவரின் நீளத்தில் பாதிக்கு மேல் வாசலும் ஜன்னலுமாகப் போகக் கூடாது. கூரை மரத்தைக் கூரைப் பட்டியில் பதித்த கம்பியாலோ போல்ட்டாலோ பிடியுங்கள். 2020 டிசம்பரில் புரெவிச் சூறாவளி திருகோணமலைக்கு வடக்கே கரை தட்டியதை நினைத்தால் இதற்கு விளக்கம் தேவைப்படாது.

மாடி வீடு: கம்பியில் பார்க்க வேண்டிய இடங்கள்

இந்தப் பகுதியை அச்செடுத்துத் தளத்துக்குக் கொண்டுபோகலாம். கொங்கிறீட் விழுந்த பிறகு எதுவும் தெரியாது. அதனால் எல்லாவற்றையும் முந்தைய நாளே பார்த்து முடியுங்கள்.

தூணின் அளவு. நம் பக்கம் "ஒன்பதுக்கு ஒன்பது" என்பது பழகிப்போன அளவு, சுவரின் தடிப்போடு ஒத்துப்போவதால். மாடி வீட்டுக்கு அது மெலிவு. ஐ.எஸ். 13920 இப்போது தூணின் எந்தப் பக்கமும் 300 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது என்கிறது, கிட்டத்தட்ட ஓர் அடி. சுவரை விட மூன்று அங்குலம் வெளியே துருத்தும் என்று வீட்டுக்காரர் கவலைப்படுவார். அலுமாரியைத் தள்ளி வைத்தால் தெரியாது.

ஸ்டிரப், அதாவது வளையக் கம்பி. முழு வழிகாட்டியிலும் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் படிப்பீர்களென்றால் இதைப் படியுங்கள். சாதாரணமாக மேசன் ஸ்டிரப்பின் இரண்டு நுனியையும் செங்கோணத்தில், 90 பாகையில் மடித்து விடுவார். குலுங்கி வெளிப்பூச்சும், கம்பியை வெளியிலிருந்து மூடும் கவர் கொங்கிறீட்டும் உதிர்ந்ததும் அந்த நுனி விரிந்து கழன்றுவிடும். வளையம் கழன்றால் நெட்டுக் கம்பி வெளியே வளையும், உள்ளே இருக்கும் கொங்கிறீட் பொடிந்து கொட்டும், தூண் உட்காரும். நுனியை 135 பாகைக்கு மடித்து, மூன்று அங்குலம் தூணின் உள்வயிற்றுக்குள் போகவிட்டால் அது பிடித்துக்கொள்ளும். ஒரு ஸ்டிரப்புக்கு மிஞ்சிப் போனால் ஆறு அங்குலக் கம்பி கூடும். கூடவே கை வேலை.

"இதெல்லாம் தேவையில்லத் தம்பி, நான் முப்பது வருசமா இப்பிடித்தான் கட்டுறன், ஒண்டும் விழயில்ல" என்று பாஸ் சொல்வார். சண்டை பிடிக்காதீர்கள். அவர் கட்டியது இன்னும் குலுங்கிப் பார்க்கப்படவில்லை, அவ்வளவுதான். ஒரு ஸ்டிரப்பை நீங்களே சரியாக வளைப்பித்து மாதிரியாகத் தொங்கவிடுங்கள், கம்பி வளைக்கும் பெடியனுக்கு நாள்கூலியில் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள். இரண்டாம் நாளே கை பழகிவிடும்.

இடைவெளி. தூணின் நடுப்பகுதியில் ஆறு அங்குலத்துக்கு ஒன்று இருக்கலாம். ஆனால் தூணின் அடியிலும் தலையிலும், பீமைச் சந்திக்கும் இடத்திலிருந்து ஒன்றரை இரண்டு அடி நீளத்துக்கு, நாலு அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. பொறியியலாளர் இன்னும் நெருக்கச் சொன்னால் அதுவே கணக்கு. பீமின் இரண்டு நுனிகளுக்கும் இதே விதி.

சந்தி. தூணும் பீமும் கலக்கும் அந்த ஓரடிக் கனசதுரத்துக்குள் ஸ்டிரப் போடாமல் விடுவதுதான் நான் அதிகம் காணும் குறை. நாலு பக்கமிருந்தும் கம்பி வந்து அடைக்கும், கை போகாது, "பீம் கம்பி இருக்குத்தானே" என்று விட்டுவிடுவார்கள். பீம் கம்பி படுக்குமுன் இரண்டு மூன்று ஸ்டிரப்பைத் தூணில் கோர்த்து மேலே தூக்கிக் கட்டி வைத்து, பிறகு இறக்கிக் கட்ட வேண்டும். வேலையின் வரிசை மாறினால் கை போகும்.

ஒட்டு. கம்பியை நீட்டும் இடத்தில் ஒன்றன் மேல் ஒன்று விட்டத்தைப் போல 50 மடங்கு படிய வேண்டும். 12 மில்லிக்கு இரண்டு அடி, 16 மில்லிக்கு இரண்டே முக்கால் அடி வரை. அந்த ஒட்டு தூணின் நடு உயரத்தில் வருவது நல்லது. சிலாப்புக்கு நேர்மேலே எல்லாக் கம்பியையும் ஒரே மட்டத்தில் ஒட்டுவது, அதிக விசை வரும் இடத்திலேயே முடிச்சுப் போடுவது போல.

கம்பி வாங்கும்போது இலங்கைத் தரமான எஸ்.எல்.எஸ். 375 முத்திரையும் தரம் 500 என்பதும் இருக்கிறதா பாருங்கள். லொறியில் வந்திறங்கியதை நிலத்தில் போடாமல் கட்டை வைத்து அடுக்கி மூடுங்கள்.

கொங்கிறீட்டும் உப்பும் கச்சான் காற்றும்

சீனக்குடாவிலேயே சீமெந்துத் தொழிற்சாலை இருக்கும் ஊர் இது. ஆனால் நல்ல சீமெந்து மட்டும் நல்ல கொங்கிறீட்டைத் தராது. கெடுப்பது தண்ணீர். 50 கிலோ பை ஒன்றுக்கு, மணலில் உள்ள ஈரத்தையும் சேர்த்து, 25 லீற்றர் அளவில் நின்றால் நல்லது. இளக்கமாக இருந்தால் கொட்டச் சுகம் என்று வாளியால் ஊற்றுவார்கள். ஊற்ற விடாதீர்கள், கம்பி நெருங்கிய இடத்துக்கு வைபிரேட்டரை வாடகைக்கு எடுங்கள்.

கலவையில் சீமெந்து, மணல், கல் 1:2:4 என்பது கடற்கரை மாடி வீட்டுக்குப் போதாது. தூணுக்கும் பீமுக்கும் 1:1½:3ஐ விடக் குறையாதீர்கள். கடலுக்குக் கிட்ட என்றால் கொங்கிறீட்டின் பலத்தைக் குறிக்கும் தரம் 30ஐக் கலவை வடிவமைத்துச் செய்யச் சொல்லுங்கள். சிலாப் போடும் நாளில் 150 மில்லிமீற்றர்க் கட்டிகள் ஆறு எடுத்து, மூன்றை 7 நாளிலும் மூன்றை 28 நாளிலும் நசுக்கிப் பாருங்கள்.

மணல் ஆற்று மணலாக இருக்கட்டும். கழுவாத கடல் மணலில் உள்ள உப்பு கம்பியை உள்ளிருந்தே தின்னும். வெளியிலிருந்து வரும் உப்பைத் தடுப்பது கவர்: கடலோரத்தில் வெளித் தூணுக்கு 40 முதல் 50 மில்லிமீற்றர். கல்லுத் துண்டைச் செருகாமல் கவர் புளொக் வார்த்து வையுங்கள். துருப்பிடித்து மெலிந்த 6 மில்லி ஸ்டிரப், 135 பாகை மடித்திருந்தாலும் உதவாது. அதனால்தான் அதிர்ச்சியையும் உப்பையும் பிரித்துப் பேச முடியவில்லை.

வைகாசியிலிருந்து ஆவணி வரை அடிக்கும் கச்சான் காற்று பச்சைக் கொங்கிறீட்டின் ஈரத்தை மணிக்கணக்கில் உறிஞ்சிவிடும். அந்தக் காலத்தில் சிலாப் போடுவதென்றால் விடியப்புறம் தொடங்குங்கள். முடிந்த பகுதியை உடனே பொலித்தீனால் மூடுங்கள். சாக்கு நனைத்து, குறைந்தது ஏழு நாள், கலப்புச் சீமெந்து என்றால் பத்து முதல் பதினாலு நாள் ஈரம் காயாமல் வைத்திருங்கள். தூணுக்கு யாரும் தண்ணீர் விடுவதில்லை. சாக்கைச் சுற்றிக் கட்டி நனையுங்கள்.

இருக்கும் வீட்டுக்கு மேல் மாடி

ஊரில் எத்தனையோ தரைவீட்டு மொட்டை மாடியில் கம்பிகள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. "பிள்ளைக்கு மேலே எடுப்பம்" என்று விட்டவை. பத்து வருட உப்புக் காற்றில் அவை செதில் செதிலாக உரிந்திருக்கும். அந்தத் துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து மிஞ்சும் விட்டத்தை வேர்னியரால் அளக்கச் சொல்லுங்கள். சிலாப்பைத் தொடும் இடத்தில்தான் அதிகம் அரித்திருக்கும். 12 மில்லி 10 ஆகியிருந்தால் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. அந்தக் கம்பியில் மாடி எடுக்கக் கூடாது. தூணை உடைத்துக் கீழே நல்ல கம்பி வரை போக வேண்டும், அல்லது துளையிட்டு எபொக்சிப் பசையில் புதுக் கம்பி பதிக்க வேண்டும். இப்போது கம்பி விட்டு வைக்கிறவர்கள் அதை மெலிந்த கொங்கிறீட்டால் மூடி வையுங்கள், வேண்டும்போது உடைக்கலாம்.

பழைய வீட்டைப் பரிசோதிக்க வரும் பொறியியலாளர் அத்திவாரத்தை ஓரிடத்தில் தோண்டிப் பார்க்க வேண்டும், கம்பி காட்டும் கருவியால் தூணில் எத்தனை கம்பி என்று பார்க்க வேண்டும், கொங்கிறீட்டின் பலத்தை மட்டிடும் ரீபவுண்ட் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். சுவரைப் பார்த்துவிட்டு "எடுக்கலாம்" என்று சொல்லிப் போனால் அது பரிசோதனையே இல்லை. யுத்த காலத்தில் ஷெல் பட்டுப் பூசி மறைத்த இடங்கள், சுனாமித் தண்ணீர் நின்ற வீடு என்றால் அவற்றை நீங்களே அவருக்குச் சொல்லுங்கள். பூச்சுக்கு உள்ளே இருப்பது அவருக்குத் தெரியாது.

வெடிப்பைப் படிக்கவும் கொஞ்சம் தெரிந்திருக்கலாம். பூச்சில் மயிர் போல வலை வலையாக ஓடுவது பெரும்பாலும் காய்ந்த வெடிப்பு. ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டுப் போல ஏறினால் அத்திவாரம் இறங்குகிறது. தூணில் நெட்டுக்கு ஓடி, ஓரத்தில் செம்மஞ்சள் கறை இருந்தால் உள்ளே துரு. தூணின் தலையில் குறுக்காக, சாய்வாக இருந்தால் அன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்கள்.

தூண் மெலிவென்று தெரிந்தால் சுற்றி நாலு அங்குலப் புதுக் கொங்கிறீட் சட்டை போடலாம். பழைய மேற்பரப்பைக் கொத்தி, கம்பி பதித்து, புது ஸ்டிரப் சுற்றி, அத்திவாரம் வரை கொண்டுபோக வேண்டும். தரையோடு நிறுத்திய சட்டை அழகுக்குத்தான்.

தலைக்கு மேல் இருப்பவை

சிறு அதிர்ச்சியில் ஆட்களைக் காயப்படுத்துவது இவைதான். ஆயிரம் லீற்றர்த் தண்ணீர்த் தாங்கி என்றால் ஒரு தொன். அதை நாலு மெலிந்த கால் மேல் உயர்த்தி, குறுக்குக் கட்டில்லாமல் வைத்திருப்பார்கள். தூண்களுக்கு நேர்மேலே, உயரம் குறைத்து, நாலு பக்கமும் குறுக்குப் பிணைப்புப் போட்டு வையுங்கள். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரைப் புளொக் கல்லில் அடுக்கி விடாமல் ஆறடிக்கு ஒரு சிறு தூணும் மேலே ஒரு பட்டியும் கொடுங்கள். வாசல் வளைவு, மதில், கேற்றுக்கு மேல் போடும் கனத்த சிலாப், எல்லாவற்றுக்கும் அதே கதை. அலுமாரியைச் சுவரில் இரண்டு ஆணியால் பிடியுங்கள், காஸ் சிலிண்டரைச் சங்கிலியால் கட்டுங்கள்.

தாள்களும் பணமும்

பாஸுக்கோ ஒப்பந்தக்காரருக்கோ பணத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும்போது ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிபந்தனை எழுதுங்கள்: பொறியியலாளர் கம்பியைப் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே கொங்கிறீட், கொங்கிறீட்டுக்குப் பிறகே அந்தக் கட்டத்துப் பணம். வாய்ப்பேச்சில் விட்டால் சிலாப் நாளன்று மிக்ஸர் வந்து நிற்கும், இருபது பேர் சம்பளத்துக்கு நிற்பார்கள், அந்த நேரத்தில் யாராலும் வேலையை நிறுத்த முடியாது. கம்பிப் பரிசோதனையை அதனால்தான் முந்தைய நாள் பின்னேரத்துக்கு வைக்க வேண்டும்.

ஒவ்வொரு சந்தியையும் போனில் படம் எடுங்கள், பக்கத்தில் அளவுநாடாவை விரித்து வைத்து. எந்தத் தூண், எந்த மாடி என்று பெயரிட்டுச் சேமியுங்கள். பிளான், அனுமதி, கட்டி நசுக்கிய அறிக்கை, கடைசியில் சபையில் எடுக்கும் இணக்கச் சான்றிதழ், எல்லாம் ஒரே கோப்பில். பதினைந்து வருடம் கழித்து மகள் மேல்மாடி எடுக்கக் கேட்டு வரும்போது பொறியியலாளர் முதலில் கேட்பது அந்தக் கோப்பைத்தான்.

அதிர்வு வந்த பிறகு

குலுங்கும்போது மேசைக்குக் கீழே குனிந்து இருங்கள், படிக்கட்டில் ஓடாதீர்கள். நின்றதும் வெளியே வந்து, முதலில் காஸையும் மின் பிரதான ஆளியையும் அணையுங்கள். கரையோரத்தில் பலமாகவோ நீளமாகவோ குலுங்கியிருந்தால் அறிவிப்புக்குக் காத்திராமல் மேட்டுக்குப் போங்கள். 2004இல் இங்கே பெரிதாக எதுவும் ஆடவில்லை, அலை இரண்டு மணி நேரம் கழித்துத்தான் வந்தது. ஆகவே ஆடாவிட்டாலும் கடல் உள்வாங்கினால் அதே ஓட்டம்தான்.

திரும்பி வந்தபின் தூண்களின் தலை, அடி, பீம் சந்தி, தண்ணீர்த் தாங்கியின் கால், மதில் என்ற வரிசையில் பாருங்கள். புது வெடிப்பின் இரண்டு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். ஒரு கிழமை கழித்துக் கோட்டைத் தாண்டியிருந்தால், அல்லது வெடிப்புக்குள் ஒரு ரூபாய்க் குற்றி நுழைந்தால், பூசி மறைக்காமல் பொறியியலாளருக்குப் படத்தை அனுப்பி அவர் வரும் வரை அந்த அறையில் படுக்காதீர்கள்.